பெயர் சொல்லி அழைத்த பயிற்சியாளர்: மேட் பஸ்பியின் வாழ்வு தரும் பாடம்



புனித பவுல் கொரிந்து நகர மக்களுக்கு எழுதியபோது ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துக்காட்டாகச் சொல்லி நம்பிக்கை வாழ்வை விளக்கினார். விளையாட்டுத் திடலில் நடப்பதற்கும் ஆன்மிகத்திற்கும் தொடர்பில்லை என்று அவர் எண்ணவில்லை. எனவே நாமும் இன்று ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் வாழ்வைச் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

திறமையான 11 பேரைச் சேர்த்துவிட்டால் அணி உருவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பங்குகளைப் பார்த்தாலே இது உண்மையல்ல என்பது புரியும். பாடகர் குழுவில் நல்ல குரல்கள் உண்டு. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இளையோர் இயக்கத்தில் பெயர்ப்பட்டியல் நீளமாக இருக்கிறது. கூட்டத்திற்கு வருபவர்களோ ஐந்தாறு பேர்தாம். அன்பியத்தில் பொறுப்பாளர் உண்டு. பொறுப்பை ஏற்பார் இல்லை. ஆட்கள் இருந்தும் ஒன்றிப்பு இல்லாத இந்த நிலைக்கு மருந்து என்ன? ஒருவர் தம் குழுவுக்காகத் தம்மையே கொடுக்கும் அர்ப்பணம் எங்கிருந்து பிறக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் தந்தவர் மேட் பஸ்பி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை உலகறியச் செய்த மேலாளர் இவர். இவர் ஒரு கத்தோலிக்கர் என்பதும், இவர் நடந்த பாதை பெரும் சிலுவைப்பாதை என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

சுரங்கத்து மண்ணில்

மேட் பஸ்பி 1909-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள், ஸ்காட்லாந்தில் பெல்ஸ்ஹில் நகருக்கு அருகிலுள்ள ஆர்பிஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி முழுவதும் நிலக்கரிச் சுரங்கங்கள். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல அங்கே குடியேறியிருந்தன. பஸ்பியின் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பமே. சுரங்கத் தொழிலாளர்களுக்கான இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் அவர் வளர்ந்தார்.

தந்தை அலெக்சாண்டர் சுரங்கத் தொழிலாளி. முதல் உலகப்போரில் படைக்கு அழைக்கப்பட்ட அவர், 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரான்சு நாட்டின் அராஸ் போர்க்களத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். அப்போது மேட் பஸ்பிக்கு 8 வயதுகூட நிறையவில்லை. அவருடைய மாமன்மார், சித்தப்பன்மாரில் சிலரையும் அந்தப் போர் விழுங்கியது. கணவரை இழந்த தாய், ஒரு மகனையும் மூன்று மகள்களையும் வளர்க்கச் சுரங்கத்தின் மேல்தளத்தில் வேலை பார்த்தார். மகனும் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினான்.

அக்காலச் சுரங்க வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூமிக்கு அடியில் ஒருவருடைய உயிர் அடுத்தவருடைய கவனத்தில் இருந்தது. தாங்குமரத்தை ஒருவர் சரியாக நிறுத்தவில்லை என்றால் மற்றவர்மேல் கூரை சரியும். பிரித்தானியக் கால்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளர்களுள் மூவரான மேட் பஸ்பி, ஜாக் ஸ்டைன், பில் ஷாங்க்லி ஆகியோர் ஸ்காட்லாந்தின் சுரங்கப் பகுதிகளிலிருந்தே வந்தார்கள் என்பது தற்செயல் அல்ல. ஒருவர் மற்றவரைத் தாங்க வேண்டும் என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, இருட்டில் கற்றார்கள்.

பஸ்பியின் தாய் பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர விரும்பினார். அனுமதி கிடைக்கத் தாமதமானது. அந்தத் தாமதத்திற்கு இடையில்தான் 1928-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டி என்ற கழகம் 18 வயது பஸ்பியை வாரம் 5 பவுண்டு ஊதியத்தில் சேர்த்துக்கொண்டது. நாம் தடை என்று நினைத்து வருந்துவதை இறைவன் வாசலாக மாற்றுகிறார் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தனிமையை மறக்காத மனிதர்

மான்செஸ்டர் நகரில் அந்த இளைஞர் மகிழ்ச்சியாக இருக்கவில்லை. புதிதாக வந்தவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. மேலாளர் தம் அலுவலகத்தில் இருப்பார். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் இருப்பார்கள். முன்கள ஆட்டக்காரராகக் களமிறக்கப்பட்ட பஸ்பியின் ஆட்டமும் சோபிக்கவில்லை. ஊர் ஏக்கம் வாட்டியது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாமா என்று எண்ணிய நாட்கள் பல. 1930-இல் அதே நகரின் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் அவரை வாங்க விசாரித்தது. ஆனால் கேட்ட 150 பவுண்டைக் கொடுக்க அந்தக் கழகத்திடம் பணம் இல்லை! பின்னாளில் அந்தக் கழகத்தின் அடையாளமாகவே ஆகப்போகிறவரை அன்று அவர்களால் வாங்க முடியவில்லை.

பின்பு அவரைக் களத்தின் நடுப்பகுதியில் ஆடவிட்டார்கள். அங்கேதான் அவருடைய திறமை மலர்ந்தது. நிதானமாகப் பந்தைப் பெற்று, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கொடுப்பதில் வல்லவரானார். 1934-இல் மான்செஸ்டர் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது அந்த அணியில் பஸ்பி இருந்தார். அதே அணியின் இளம் கோல்காப்பாளர் ஃபிராங்க் ஸ்விஃப்ட். இவரை மீண்டும் ஒரு சோகமான இடத்தில் சந்திப்போம். 1936-இல் பஸ்பி லிவர்பூல் கழகத்திற்கு மாறினார். 1939-இல் அங்கே புதிதாக வந்து சேர்ந்த பாப் பெய்ஸ்லி என்ற இளைஞரை அவர் அன்போடு அரவணைத்து நண்பராக்கிக்கொண்டார். அந்தப் பெய்ஸ்லிதான் பிற்காலத்தில் லிவர்பூலின் மேலாளராகி மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றவர்.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். தாம் பட்ட துன்பத்தை மனிதர்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்துவார்கள். நான் பட்டதை நீயும் படு என்று சிலர் பிறர்மேல் சுமத்துவார்கள். நான் பட்டதை நீ படக்கூடாது என்று வேறு சிலர் காவல் நிற்பார்கள். பஸ்பி இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். யாரும் பெயர் சொல்லி அழைக்காத தம் இளமையை அவர் மறக்கவில்லை. எனவே தம் பொறுப்பில் வரும் எவரும் அப்படி வாடக்கூடாது என்று உறுதி கொண்டார்.

இடிந்த திடலில் தொடங்கிய பணி

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மான்செஸ்டர் யுனைடெட் கழகம் பஸ்பியை மேலாளராக அழைத்தது. இந்த அழைப்புக்குப் பின்னணியில் இருந்தவர் அக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய லூயி ரோக்கா. அவரும் கத்தோலிக்கர், மான்செஸ்டர் நகரக் கத்தோலிக்க விளையாட்டு வட்டத்தில் பஸ்பியை அறிந்தவர்.

கழகத்தின் நிலை பரிதாபமானது. ஓல்டு டிராஃபோர்டு திடல் 1941-இல் செர்மானியக் குண்டுவீச்சில் இடிந்துபோயிருந்தது. கையிருப்பு இல்லை, கடன் இருந்தது. 1949 வரை போட்டிகளை ஆட, எதிரணியான மான்செஸ்டர் சிட்டியின் திடலைக் கடனாகப் பெற வேண்டியிருந்தது. இத்தகைய இடத்திலும் பஸ்பி ஒரு நிபந்தனை வைத்தார். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதும், பயிற்சி கொடுப்பதும், யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்பதும் தம் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றார். 3 ஆண்டு ஒப்பந்தம் தர முன்வந்தவர்களிடம், ஓர் அணியை உருவாக்கக் காலம் தேவை என்று விளக்கி 5 ஆண்டு கேட்டுப் பெற்றார்.

அவர் தேடிய முதல் ஆள் ஆட்டக்காரர் அல்லர், உடனுழைப்பாளர். போர்க்காலத்தில் இத்தாலியின் பாரி நகரில் படைவீரர்களுக்கு ஜிம்மி மர்ஃபி என்ற வேல்ஸ் நாட்டவர் கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைப் பஸ்பி கேட்டார். கேட்பவர்களின் உள்ளத்தில் தீ மூட்டும் அந்த ஆர்வத்தைக் கண்டு, அப்போதே தம்மோடு பணிபுரிய அழைத்தார். மர்ஃபியும் கத்தோலிக்கரே. பஸ்பி நிதானமானவர், மர்ஃபி துடிப்பானவர். பஸ்பி முன்னால் நின்றார்; மர்ஃபி பின்னால் நின்று இளைஞர்களைச் செதுக்கினார். பிற இடங்களிலிருந்து பெரிய பொறுப்புகள் தேடி வந்தபோதும் மர்ஃபி தம் இடத்தைவிட்டு அகலவில்லை. நம் இயக்கங்களில் தலைவராக வரப் போட்டியிடுபவர்கள் பலர். இரண்டாம் இடத்தில் நின்று முழுமனதோடு உழைப்பவர்கள் எத்தனை பேர்?

அக்கால மேலாளர்கள் பலர் கோட்டு சூட்டு அணிந்து அலுவலகத்தில் அமர்ந்திருப்பார்கள். பஸ்பியோ பயிற்சி உடை அணிந்து ஆட்டக்காரர்களோடு திடலில் இறங்கினார். அவர்களோடு ஓடினார்; அவர்களோடு வியர்வை சிந்தினார். ஒவ்வொருவரையும் கூர்ந்து பார்த்து அவரவர்க்குப் பொருத்தமான இடத்தைக் கண்டுபிடித்தார். அயர்லாந்துக்காரரான ஜானி கேரியை முன்களத்திலிருந்து பின்களத்திற்கு மாற்றினார். அவர் நாட்டிலேயே சிறந்த தடுப்பாளர்களுள் ஒருவராகவும் அணித்தலைவராகவும் விளங்கினார். தவறான இடத்தில் வைக்கப்பட்டு வாடிய தம் இளமை அனுபவம் இங்கே பிறருக்குப் பயன்பட்டது. உடலில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பணி உண்டு என்று புனித பவுல் கற்பித்தது இதைத்தானே!

கழகத்தில் சீருடை துவைக்கும் பெண்களையும் திடலைப் பேணும் பணியாளர்களையும் அவர் பெயர் சொல்லி விசாரிப்பார். தம் ஆட்டக்காரர்களிடம், அருகிலிருந்த டிராஃபோர்டு பார்க் தொழிற்சாலைகளில் வாரமெல்லாம் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை வருகிற எளிய மக்களுக்காகத்தான் நாம் ஆடுகிறோம் என்பதை நினைவூட்டுவார். தங்களுக்காக மட்டும் ஆடாதவர்கள்தாம் ஓர் அணியாக முடியும்.

பலன் விரைவில் கிடைத்தது. 1948-இல் எஃப்.ஏ. கோப்பை. நான்கு முறை இரண்டாம் இடம் பெற்றபின், 1952-இல் நாட்டின் முதன்மை லீக் பட்டம். 1911-க்குப் பிறகு அந்தக் கழகம் அப்பட்டத்தை வென்றது அப்போதுதான்.

இளையோரை நம்பியவர்

1952-இல் வென்ற அணிக்கு வயதாகிவிட்டது. பணம் கொடுத்துப் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களை வாங்குவது எளிய வழி. பஸ்பியும் தேவைப்பட்டபோது வாங்கினார். ஆனால் அதை நம்பி இருக்கவில்லை. பள்ளி முடித்த 15, 16 வயதுச் சிறுவர்களைத் தேடிச் சுரங்க ஊர்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் ஆள் அனுப்பினார். பெற்றோரிடம் பேசி, உங்கள் பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற உறுதி அளித்தார். வெளியூரிலிருந்து வந்த சிறுவர்கள் அநாதைகள்போல் திரியாமல், கழகம் அறிந்த நல்ல குடும்பங்களின் வீடுகளில் தங்க வைக்கப்பட்டார்கள்.

இளையோருக்கான எஃப்.ஏ. கோப்பையை 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 5 ஆண்டுகளும் அந்தச் சிறுவர்களே வென்றார்கள். டங்கன் எட்வர்ட்ஸ் 16 வயதில் முதன்மை அணியில் இடம் பெற்றார். 18 வயதில் இங்கிலாந்து நாட்டுக்காக ஆடினார். டப்ளின் நகரிலிருந்து லியாம் வீலன் வந்தார். இவர் பக்தியுள்ள கத்தோலிக்க இளைஞர். வடக்குச் சுரங்க ஊரிலிருந்து பாபி சார்ல்டன் வந்தார். செய்தித்தாள்கள் இவர்களைப் பஸ்பியின் குழந்தைகள் என்று செல்லமாக அழைத்தன. 1956-இலும் 1957-இலும் இந்த அணி லீக் பட்டம் வென்றது. 1956-இல் வென்ற அணியின் சராசரி வயது ஏறத்தாழ 22 மட்டுமே.

ஐரோப்பிய நாடுகளின் முதன்மைக் கழகங்கள் மோதும் ஐரோப்பியக் கோப்பை அப்போதுதான் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தின் லீக் நிர்வாகம் அதில் பங்கேற்பதை விரும்பவில்லை. 1955-இல் செல்சி கழகம் அந்த அறிவுரையை ஏற்று ஒதுங்கிக்கொண்டது. பஸ்பி ஒதுங்கவில்லை. தம் இளைஞர்கள் பரந்த உலகைக் காண வேண்டும் என்று விரும்பி 1956-இல் துணிந்து இறங்கினார். இந்தத் துணிவே பின்னர் அவருடைய நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மியூனிக்கில் நேர்ந்த சிலுவை

1958-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் பெல்கிரேடு நகரில் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 என்று சமநிலை கண்டு, முந்தைய வெற்றியின் பலத்தால் அரையிறுதிக்குத் தகுதி பெற்றார்கள். சனிக்கிழமை உள்நாட்டு லீக் போட்டி இருந்ததால் உரிய நேரத்தில் திரும்பியாக வேண்டும். மறுநாள் எரிபொருள் நிரப்ப விமானம் மியூனிக் நகரில் இறங்கியது. பனி பெய்துகொண்டிருந்தது. இருமுறை மேலெழும்ப முயன்று கைவிட்டார்கள். மூன்றாம் முறை ஓடுபாதையில் தேங்கிய பனிச்சேற்றில் விமானம் வேகம் இழந்து, வேலியை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டின்மீது மோதியது.

விமானத்தில் 44 பேர் இருந்தார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். ரோஜர் பைர்ன், ஜெஃப் பென்ட், எடி கோல்மன், மார்க் ஜோன்ஸ், டேவிட் பெக், டாமி டெய்லர், லியாம் வீலன் ஆகிய 7 ஆட்டக்காரர்கள் அங்கேயே இறந்தார்கள். டங்கன் எட்வர்ட்ஸ் 15 நாட்கள் போராடி, பிப்ரவரி 21-ஆம் நாள் தம் 21-ஆம் வயதில் மருத்துவமனையில் கண்மூடினார். செய்தியாளராக உடன் சென்றிருந்த ஃபிராங்க் ஸ்விஃப்டும் மடிந்தார். 24 ஆண்டுகளுக்கு முன் பஸ்பியோடு கோப்பை வென்ற அதே கோல்காப்பாளர்தாம் அவர்.

பஸ்பியின் விலா எலும்புகள் முறிந்து நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தது. மியூனிக் மருத்துவமனையில் உயிர்க்காற்றுக் கூடாரத்திற்குள் கிடந்த அவர் பிழைக்கமாட்டார் என்று எண்ணி, இருமுறை அவருக்கு இறுதி அருளடையாளங்கள் வழங்கப்பட்டன. இருமுறையும் மரணத்தின் வாயிலிலிருந்து அவர் திரும்பி வந்தார்.

உடல் சற்றுத் தேறியபின்தான் பெரிய துன்பம் காத்திருந்தது. அதிர்ச்சியைத் தாங்கமாட்டார் என்று இறந்தவர்களைப் பற்றி அவரிடம் மறைத்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் அவர் தம் மனைவி ஜீனிடம் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கேட்டார். உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்பதை ஜீன் தலையசைப்பாலேயே தெரிவித்தார். பெயர் சொல்லி அழைத்து வளர்த்த பிள்ளைகளின் பெயர்களை இப்போது இப்படிச் சொல்ல வேண்டியதாயிற்று! இதைவிடக் கொடிய சிலுவை ஒரு தந்தைக்கு உண்டா?

குற்ற உணர்வு அவரை வாட்டியது. ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றது நான்தானே, மூன்றாம் முறை புறப்படவேண்டாம் என்று தடுத்திருக்கலாமே என்று அவர் மனம் குமைந்தது. விமானியின் குற்றமல்ல, ஓடுபாதையின் பனிச்சேறே காரணம் என்று பிரித்தானிய விசாரணை தெளிவுபடுத்த 1969 வரை ஆயிற்று. ஆனால் பஸ்பியின் மனம் யார்மீதும் பழிபோடத் தேடவில்லை. தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. கால்பந்துப் பக்கமே இனித் திரும்புவதில்லை என்று அவர் முடிவு செய்தார்.

எஞ்சியிருந்தவர்களுக்காக எழுந்தவர்

அவரை எழுப்பியது அவர் மனைவி. இறந்துபோன இளைஞர்கள் நீங்கள் தொடர்வதையே விரும்பியிருப்பார்கள் என்று ஜீன் அவருக்கு உணர்த்தினார். எஞ்சியிருப்பவர்களைக் கைவிட்டால் மறைந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? இந்தக் கேள்விதான் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது.

இதற்கிடையில் அணியைக் காத்தவர் மர்ஃபி. வேல்ஸ் நாட்டு அணியின் பொறுப்பில் கார்டிஃப் நகரில் இருந்ததால் அவர் அந்த விமானத்தில் செல்லவில்லை. விபத்து நடந்த 13-ஆம் நாள் எஃப்.ஏ. கோப்பைப் போட்டி. ஆட்டக்காரர் பட்டியலை அச்சிடும் தாளில் மான்செஸ்டர் யுனைடெட் பக்கம் 11 இடங்களும் வெற்றிடமாகவே விடப்பட்டிருந்தன. யார் ஆடுவார் என்று யாருக்கும் தெரியாது. விபத்தில் தப்பிய ஹாரி கிரெக், பில் ஃபோக்ஸ் ஆகிய இருவரோடு, இளையோரையும் அவசரமாகச் சேர்த்தவர்களையும் கொண்டு மர்ஃபி அந்த அணியை நிறுத்தினார். 3-0 என்று வென்றார்கள். மே 3-ஆம் நாள் இறுதிப்போட்டி வரை சென்று தோற்றார்கள். அன்று ஊன்றுகோலுடன் பஸ்பி திடலுக்கு வந்து அமர்ந்திருந்தார்.

உண்மையான அணி எது என்பதற்கு இதுவே சோதனை. தலைவர் வீழ்ந்தபோதும் அது சிதறவில்லை. அச்சத்தால் கட்டப்பட்ட அணி தலைவர் இல்லாதபோது கலைந்துவிடும். அன்பால் கட்டப்பட்ட அணி, அவர் இல்லாதபோது இன்னும் இறுக்கமாகக் கைகோக்கும்.

பஸ்பி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். எளிதாக இல்லை. 1963-இல் அணி லீக்கின் 22 அணிகளில் 19-ஆம் இடத்திற்குச் சரிந்தது. அதே ஆண்டு எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. டெனிஸ் லா, பேட் கிரெரண்டு போன்றவர்களைச் சேர்த்தார். இளையோரைத் தேடுவதையும் விடவில்லை. 1961-இல் பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து 15 வயது ஜார்ஜ் பெஸ்ட் வந்தான். வந்த வேகத்தில் ஊர் ஏக்கம் தாளாமல் வீட்டுக்கே ஓடிவிட்டான். கண்டித்து ஒதுக்கியிருக்கலாம். பஸ்பியோ அவன் தந்தையிடம் பேசி, மீண்டும் வரக் கதவைத் திறந்து வைத்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு போக நினைத்த தம் இளமையை அவர் அச்சிறுவனிடம் கண்டிருப்பார் அல்லவா? கத்தோலிக்கருக்கும் பிராட்டஸ்டன்ட் சபையினருக்கும் இடையே கசப்பு நிலவிய காலத்தில், டப்ளின் நகரக் கத்தோலிக்க வீலனையும் பெல்ஃபாஸ்ட் நகரப் பிராட்டஸ்டன்ட் பெஸ்டையும் ஒரே அன்போடு ஏற்றது பஸ்பியின் கழகம்.

1965-இலும் 1967-இலும் லீக் பட்டம் மீண்டும் வந்தது. 1968-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், பஸ்பி 59 வயதை நிறைவு செய்த மூன்றாம் நாள், இலண்டன் வெம்பிளி திடலில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டி. போர்ச்சுக்கல் நாட்டின் பென்ஃபிகா அணியை 4-1 என்று வென்று, அக்கோப்பையை வென்ற முதல் இங்கிலாந்துக் கழகம் என்ற பெருமையைப் பெற்றார்கள். விபத்தில் தப்பிய சார்ல்டனும் ஃபோக்சும் அந்த அணியில் ஆடினார்கள். சார்ல்டன் இரண்டு கோல்கள் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் பஸ்பியும் சார்ல்டனும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டபோது, 10 ஆண்டுத் துயரம் அங்கே கண்ணீராகக் கரைந்தது. கோப்பை இறந்தவர்களைத் திருப்பித் தரவில்லை. ஆனால் அவர்கள் வீணாக மறக்கப்படவில்லை என்பதைக் காட்டியது.

முழுமையானவர் அல்லர்

பஸ்பியைக் குறையில்லாத மனிதராகக் காட்ட நமக்கு விருப்பமில்லை. புகழ் வந்தபின் மதுவுக்கு அடிமையாகித் தடுமாறிய ஜார்ஜ் பெஸ்டை அவருடைய பொறுமையால் காப்பாற்ற முடியவில்லை. கண்டிப்பு போதவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. பொறுப்பைக் கைமாற்றுவதிலும் தடுமாற்றம் இருந்தது. 1969-இல் அவர் ஓய்வு பெற்று, தம்மிடம் வளர்ந்த வில்ஃப் மெக்கின்னஸிடம் பொறுப்பு சென்றது. ஆனால் பஸ்பி கழகத்திலேயே இருந்தார். அவருடைய நிழல் நீளமாக விழுந்தது. 1970-இன் இறுதியில் மெக்கின்னஸ் விலக்கப்பட, பஸ்பியே சில மாதங்கள் மீண்டும் பொறுப்பேற்க நேர்ந்தது. அடுத்து வந்தவரும் நிலைக்கவில்லை. 1974-இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

மோசே யோசுவாவின்மேல் கைகளை வைத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, தாம் மலைமேல் நின்று தூரத்திலிருந்தே வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்தார். கட்டுவதற்கு அன்பு தேவைப்படுவதுபோல, கட்டியதை விட்டு விலகி நிற்கவும் அன்பு தேவை. 20 ஆண்டுகளாக ஒரே பொறுப்பில் இருந்துகொண்டு, இளைஞர்கள் முன்வருவதில்லை என்று குறைசொல்லும் நம் பங்குப் பொறுப்பாளர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

பஸ்பிக்கு 1968-இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவருக்குப் பெரிய புனித கிரகோரியார் பெயரிலான உயரிய விருதை வழங்கினார். 1988-இல் மனைவி ஜீன் இறந்தார். 1994-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள், 84-ஆம் வயதில் பஸ்பி இறைவனடி சேர்ந்தார். மான்செஸ்டர் நகரக் கல்லறைத் தோட்டத்தில் மனைவியோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மியூனிக் விபத்திலிருந்து தப்பிய ஆட்டக்காரர்களுள் கடைசியாக உயிரோடிருந்த பாபி சார்ல்டன் 2023-இல் மறைந்தார்.

நமக்கு என்ன பாடம்?

யோவான் நற்செய்தியில் இயேசு தம்மை நல்ல ஆயராகக் காட்டும்போது, ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதைப் பற்றியும் சொல்கிறார். மந்தையை ஓட்டுவதற்குக் கோல் போதும். மந்தை பின்தொடர வேண்டுமானால் குரலில் அன்பு வேண்டும். பஸ்பி கட்டிய அணியின் இரகசியமும் இதுதான். அர்ப்பணத்தைக் கட்டளையிட்டுப் பெற முடியாது. தான் அறியப்பட்டவன், தேடப்பட்டவன், தன் இடம் எது என்று தெரிந்தவன் என்ற உணர்விலிருந்தே அது பிறக்கிறது.

இரண்டாவது பாடம் இன்னும் ஆழமானது. அன்பு செய்பவர் காயப்படாமல் இருக்க முடியாது. ஆட்டக்காரர்களை வெறும் எண்களாகப் பார்த்திருந்தால் மியூனிக் பஸ்பியை அவ்வளவு உடைத்திருக்காது. பெயர் சொல்லி அழைத்தவருக்கே அந்தப் பெயர்கள் வலித்தன. ஆனாலும் அவர் எழுந்து வந்தார். மும்முறை மறுதலித்த பேதுருவை உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் சந்தித்தபோது, கடந்ததை எண்ணி அழுதுகொண்டிரு என்று சொல்லவில்லை. ஆடுகளைப் பேணும் பணியையே மீண்டும் அவர் கையில் கொடுத்தார். குற்ற உணர்வில் கிடக்கும் பலருக்கு இறைவன் தரும் மருந்து, எஞ்சியிருப்பவர்களுக்குச் செய்யவேண்டிய கடமைதான். பிள்ளையை இழந்த பெற்றோர், நம் கவனக்குறைவால்தானோ என்று இரவெல்லாம் குமையும் அம்மாக்கள், அப்பாக்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஜீன் தேவை. அருகில் அமர்ந்து, மறைந்தவர்மீதுள்ள அன்பை இருப்பவர்மீது திருப்பிவிட ஒருவர் தேவை.

இந்த வாரம் நம்மையே கேட்டுப் பார்ப்போம். நம் பீடச் சிறுவர்கள், மறைக்கல்வி மாணவர்கள், இளையோர் ஆகியோருள் எத்தனை பேரை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும்? பாதியில் விலகிப்போன இளைஞனின் வீட்டுக்குப் போய் மீண்டும் வரச்சொல்லி அழைத்தோமா? நம்மில் யாரேனும் தவறான இடத்தில் நின்று வாடுகிறார்களா? வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், இதுவரை பெயர் தெரியாத ஒருவரிடமாவது போய்ப் பெயரைக் கேட்டு அறிவோம். அணி அங்கேதான் தொடங்குகிறது.

செபம்

எங்களை ஒவ்வொருவராக அறிந்திருக்கும் நல்ல ஆயரான ஆண்டவரே, எங்கள் பொறுப்பில் நீர் தந்திருக்கும் ஒவ்வொருவரையும் அன்போடு அறிந்துகொள்ளும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். இழப்பிலும் குற்ற உணர்விலும் துவண்டிருப்பவர்களைத் தூக்கிவிடும். எழுந்து நடக்கவும், எஞ்சியிருப்பவர்களைத் தாங்கவும், காலம் வரும்போது மகிழ்ச்சியோடு பொறுப்பை ஒப்படைக்கவும் வரமருளும். ஆமென்.